போன வருசத்து அறிவிப்பு

கிட்ட வந்து உக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். கூச்சப்படாம நெருங்கி உக்காருங்க, இந்தப் பெஞ்சுக்கு மட்டுந்தான் ஃபேன் காத்து வருது. அதுக்காக மட்டும் சொல்லல. நான் சத்தமாப் பேசிப் பழகுன ஆளு. நாப்பது வருசம் மைக்குல பேசுனவன். இதை அப்படிப் பேச முடியாது. எங்க வீட்டுக்காரி உள்ள இருக்கா, மூணாம் நம்பர் ரூம்ல. அவ காதுல விழுந்துரக் கூடாது.

கண்ணு காட்ட வந்தது அவளுக்குத்தான், எனக்கில்ல. அவ கண்ணுக்கும் ஒண்ணுமில்ல. அதுதான் சங்கதியே.

எம் பேரு ஆவுடையப்பன். பேரு சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது, மைக்செட் அண்ணாச்சின்னு கேக்கணும். வெள்ளக்கரைன்னு ஒரு சின்ன ஊரு, பேரூராட்சி. பதினாலு தெரு, ஒரு ஆறு. ஆறுன்னா பேருக்கு ஆறு. தை பொறந்தா மணலு, சித்திரையில அதுல நெருப்பு. ஆட்டோவுல ரெண்டு குழாயைக் கட்டிக்கிட்டு, பேரூராட்சி குடுக்கிற அறிவிப்பைத் தெருத் தெருவாச் சொல்லிட்டுப் போறது என் வேலை. கோடைக்காலம் வந்தா எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பன்னெண்டு மணியிலிருந்து மூணு மணி வரை வெயில்ல அலையாதீங்க. மோரு குடிங்க, உப்புப் போட்ட கஞ்சி குடிங்க. வயசாளிகளைத் தனியா வீட்டுல போட்டுப் பூட்டிட்டுப் போகாதீங்க. புள்ளைகளைக் குவாரித் தண்ணிக்கு விடாதீங்க. செவ்வாக்கெழமை கரண்டு கெடையாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியாச்சு. எல்லாம் நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். நான் சொன்னா ஊரு கேக்கும். அந்தக் குரலு அப்படி. இப்பத்தான் கொஞ்சம் கம்மிப் போச்சு.

இப்ப கேளுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஏன் அப்படிப் பாக்கீங்க? தெரியாதுன்னா தெரியாது. கையெழுத்துப் போடுவேன். அது எழுத்து இல்ல, படம். அந்தப் படத்தை வரைஞ்சு விட்டுருவேன். மூணு மாசம் பள்ளிக்கூடம் போனேன், அப்புறம் மாடு மேய்க்க விட்டுட்டாவ. ஆனா காது உண்டு தம்பி. ஒரு தரம் காதுல விழுந்தாப் போதும், ஒரு சொல்லு சிந்தாது.

எங்க வீட்டுக்காரி மரகதவடிவு எட்டாவது படிச்சவ. காலையில நான் கம்பங்கூழு குடிக்கறப்ப எதுத்தாப்புல உக்காந்து, ஆபீஸ்ல குடுத்த காயிதத்தைப் படிப்பா. ஒரு வரி படிப்பா, நிறுத்துவா, மறுபடியும் படிப்பா. நான் ஒரு வாய் குடிப்பேன். கூழு தீரும்போது காயிதமும் எனக்குள்ள போயிரும். அப்புறம் அந்தக் காயிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, கண்ணாடியை மூக்குல மாட்டிக்கிட்டு, ஆட்டோவுல உக்காந்து படிக்கிற மாதிரியே சொல்லுவேன். கண்ணாடி தேர்த் திருவிழாவுல போட்ட கடையில வாங்குனது. வெறும் கண்ணாடி, பவரு கெடையாது. போட்டா ஒரு மதிப்பு. நாப்பது வருசத்துல ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாள் காயிதத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்திருக்கேன். அதையும் வடிவுதான் வீதியோட வந்து நேராக்கிட்டுப் போனா, காலரைச் சரி பண்ணுத மாதிரி.

எனக்கு மட்டுமா படிப்பா? தெருவே அவகிட்ட வரும். ரேசன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, துபாய்ல இருந்து மகன் அனுப்புன போன்ல வர்ற எழுத்து. "வடிவக்கா, இது என்ன போட்டிருக்குன்னு பாருங்கக்கா." முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டு வாங்குவா பாருங்க, பச்சப் புள்ளையை வாங்குத மாதிரி வாங்குவா. அப்ப அவ முகத்தைப் பாக்கணும். நான் அதெல்லாம் அப்ப பாக்கல. இப்பத்தான் நெனைச்சுப் பாக்கேன்.

இந்தச் சித்திரையில ஒருநாள் டீக்கடையில உக்காந்திருக்கேன். யாரோ சொன்னாவ, "வடிவக்கா இல்லன்னா இந்தத் தெருவுக்கே கண்ணு இல்ல." நல்ல வார்த்தைதானே? எனக்குச் சுருக்குன்னு குத்திருச்சு. நான் இங்க தொண்டை கிழியக் கத்துதேன், பேரு அவளுக்கா? வீட்டுக்குப் போயி ஒண்ணுமில்லாத விசயத்துக்குச் சண்டை. கொழம்புல உப்பு சாஸ்தின்னு தொடங்குனேன், எங்கயோ போயி முடிஞ்சது. "நீ படிச்சுக் குடுக்கலேன்னா எனக்கு வாயி இல்லாமப் போயிருமோ? நாப்பது வருசமாச் சொல்லுத எனக்கு ஒரு காயிதத்தைப் பாத்தா என்னன்னு தெரியாதா?"

வடிவு "தெரியும்னா சரி"ன்னா. அவ்வளவுதான். கத்தியிருந்தா சண்டையா முடிஞ்சிருக்கும்.

மறுநாள் விடியக்காலம் பியூன் சங்கிலி ஆட்டோகிட்டயே வந்து காயிதத்தைக் குடுத்தான். "அண்ணாச்சி, அவசரம். ஒன்பதரைக்குள்ள எல்லாத் தெருவும் போயிரணும்." வாங்கிப் பாத்தேன். மேல கோபுர முத்திரை. நடுவுல மூணு பத்தி. கீழ பச்சை மையில ஆபீசர் கையெழுத்து. போன வருசம் இதே சித்திரையில, இதே மாதிரி மூணு பத்தியில ஒரு காயிதம் வந்துச்சு. அது எனக்கு அச்சுப் பிசகாமத் தெரியும். எனக்கு எது உள்ள போனாலும் வெளிய போகாது, அதான் வெனை.

ஆட்டோவை எங்க வீட்டு வழியாத்தான் விட்டேன். வடிவு வாசல்ல நின்னா. கையைத் தொடைச்சுக்கிட்டு நின்னா தம்பி. காயிதம் வாங்கத்தான் நின்னா. கூழு உள்ள எடுத்து வச்சிருந்தா. நான் திரும்பிப் பாக்கல. ஆட்டோவை மெதுவாக்கக்கூட இல்ல. அவ வாசலைத் தாண்டுறப்பவே மைக்கைப் போட்டேன், அவளுக்குக் கேக்கணும்னு.

"வெள்ளக்கரைப் பேரூராட்சிப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பைப் உடைப்புக் காரணமாக இன்றும் நாளையும் குழாயில் தண்ணீர் வராது. பொதுமக்கள் ஆத்துக்குள் பேரூராட்சி தோண்டியிருக்கும் ஊத்துகளில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். வெயிலுக்கு முன்பாகப் பத்து மணிக்குள் எடுத்துக்கொள்ளவும்."

அது போன வருசத்துது.

இந்த வருசத்துக் காயிதத்துல என்ன இருந்துச்சுன்னா, மேல இருக்குத அணையில குடிதண்ணிக்காகத் தண்ணி தொறந்திருக்காவ, பத்து மணிக்குள்ள வெள்ளக்கரைக்கு வந்திரும், ஆத்துக்குள்ள ஒருத்தரும் எறங்கக் கூடாது, ஆடு மாடு எறக்கக் கூடாதுன்னு.

போங்கன்னு நான் சொன்னேன். அதுவும் பத்து மணிக்குள்ள போங்கன்னேன்.

அன்னைக்கின்னு பாத்து குழாயிலயும் தண்ணி வரல. ஊரு சந்தேகப்படுமா? குடத்தைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டாவ. நாப்பது பேரு இருக்கும். அதுல பாதி, புள்ளையை இடுப்புல வச்சவ.

வடிவு ஒன்பது மணிக்கு ரேசன் கடைக்குப் போயிருக்கா. அங்க கதவுல ஒரு காயிதம் ஒட்டியிருக்கு. ரேசன் கடைக் கதவுல ஒட்டுனதை யாரு படிப்பா? "பாமாயில் இல்லை"ன்னு ஒட்டி ஒட்டி, அந்தப் பக்கமே யாரும் பாக்கதில்ல. இவ எதையும் படிக்காம விடமாட்டா. படிச்சிருக்கா. படிச்சுக்கிட்டு நிக்கும்போதே ரெண்டு தெரு தள்ளி என் குரலு, "ஊத்துகளில் எடுத்துக்கொள்ளலாம்." அரிசிப் பையை அங்ஙனயே போட்டுட்டு ஆத்துக்கு ஓடியிருக்கா. அம்பத்தெட்டு வயசு, முட்டு வலிக்காரி.

நான் பின்னால கேட்டேன், "ஏட்டி, நேரா எங்கிட்ட ஓடி வந்திருக்கக் கூடாதா? மைக்குல சொல்லியிருப்பேன்லா"ன்னு. "உங்ககிட்ட வந்தா நீங்க மைக்கை நிறுத்தி வச்சிட்டு எங்கூடச் சண்டைக்கு நிப்பீங்க. நேரமில்ல"ன்னா. அது நெசம். நின்னிருப்பேன்.

இனிமேத்தான் அவ சாமர்த்தியத்தைப் பாருங்க. கரையில வந்து நிக்கா. மூணு மாசமாக் காஞ்ச ஆறு. நடுவுல நாப்பது பேரு. "தண்ணி வருது, ஓடி வாங்க"ன்னு சொன்னா யாரு வருவா? தண்ணி வந்தா நல்லதுதானே, வரட்டும்பாவ. மைக்செட் அண்ணாச்சியே சொல்லியாச்சு, பொண்டாட்டி எதுக்கு மாத்திச் சொல்லுதான்னு நிப்பாவ. இவ ஒரு நிமிசம் மூச்சு வாங்கிட்டு, கையை வாயில குவிச்சுக்கிட்டு ஒரே சத்தம்.

"ஏ புள்ளையளா! ரைஸ்மில் முக்குல தண்ணி லாரி வந்திருக்கு! மேலத்தெருக்காரி எல்லாம் வரிசை போட்டுட்டாளுவ! ஆளுக்கு ஆறு கொடம்!"

அம்புட்டுத்தான். கோழிக்கூட்டைத் தொறந்து விட்ட மாதிரி. ஒருத்தியை ஒருத்தி இடிச்சுக்கிட்டு, கொடம் மோத, கரையேறி ஓடுனாவ பாருங்க. ரைஸ்மில் முக்குல லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. "எங்கக்கா லாரி? வெயில்ல வெளையாட்டா காட்டுத?"ன்னு அவளைச் சுத்தி நின்னு சண்டைக்கு வந்திருக்காவ. வடிவு ஆத்துப் பக்கம் கையைக் காட்டியிருக்கா. சத்தமே இல்லாம வந்துச்சாம் தண்ணி. முன்னால சருகும் நுரையுமா, பின்னால ஒரு ஆள் ஒசரம்.

ஒரே ஒருத்தி மட்டும் வரல. தங்கபுஷ்பம்னு, எங்க தெருக்காரிதான். முக்கா மணி நேரம் ஊத்துல தன் முறைக்கு நின்னவ. எல்லாரும் ஓடவும், நல்லதாப் போச்சு, நாம தனியா நெறைச்சுக்கிடுவோம்னு குனிஞ்சு மோந்துக்கிட்டு இருந்திருக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். பழைய பாலத்துத் தூணுல கொண்டுபோயி அடிச்சிருச்சு. ரைஸ்மில் லோடுமேன்மாரு கயிறு போட்டு எடுத்தாவ. உசுரு தப்பிச்சது. வலது காலு ரெண்டு எடத்துல முறிவு.

நான் அப்ப பதினாலாவது தெருவுல இருக்கேன். இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

மறுநாள் பேரூராட்சி ஆபீஸ்ல கூட்டம். தெருவே வந்து நிக்கி. தங்கபுஷ்பத்துக்க மாமியாக்காரி மண்ணை வாரித் தூத்துதா. ஆபீசர் நல்ல மனுசன், புதுசு. அவரு அந்தக் காயிதத்தை என் கையில குடுத்தாரு.

"அண்ணாச்சி, நான் அனுப்புனது இதுதானே? இதுல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் கேக்கப் படிங்க. அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு சொல்லுங்க."

தம்பி, நாப்பது வருசமா எந்தக் காயிதத்தையும் கையில பிடிக்கப் பயந்ததில்ல. அன்னைக்குப் பயந்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரிக் கருப்பு கருப்பா எழுத்து. சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். நெசமாத் தொறந்தேன்.

அதுக்குள்ள பின்னாலயிருந்து வடிவு வந்துட்டா.

"சார், அவிய மேல தப்பில்ல. அன்னைக்குக் கண்ணாடியை எங்கயோ மறந்து வச்சிட்டாவ. வாசல்ல ஆட்டோவை நிறுத்தி என்னையப் படிக்கச் சொன்னாவ. அவிய சட்டைப் பையில போன வருசத்துக் காயிதமும் கெடந்துச்சு. எனக்குக் கொஞ்ச நாளாக் கண்ணு மங்கலு சார். பழசை எடுத்துப் படிச்சுக் குடுத்துட்டேன். அப்புறம் ரேசன் கடையில கிட்டப் போயிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சது. அதான் ஓடுனேன்."

ஒரு ஓட்டை இல்ல பாத்தீங்களா? போன வருசத்து அறிவிப்பு எப்படி வந்துச்சு, அவ ஏன் ஓடுனா, எல்லாத்துக்கும் பதிலு அதுல இருக்கு. எப்ப யோசிச்சான்னு எனக்குத் தெரியாது.

மாமியாக்காரி கெளம்பிட்டா. "எட்டாப்புப் படிச்ச திமிரு! கண்ணு அவிஞ்சு போச்சுன்னா வாயை மூடிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதானே? எம் மருமவ காலை நீயா குடுப்ப?"

வடிவு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். காயிதத்தை மடிச்சுப் பையில வச்சேன். ஆபீசர் எங்கிட்ட, "இனிமே நீங்களே படிங்க அண்ணாச்சி, யாரையும் நம்பாதீங்க"ன்னாரு. சரிங்க சார்னேன்.

சரிங்க சார்னு சொன்னேன் தம்பி. வேற ஒண்ணும் சொல்லல.

அன்னையிலிருந்து எங்க வாசலுக்கு ஒரு காயிதம் வரல. "பஸ் போர்டைக்கூட அவகிட்டக் கேட்டுறாதீங்க, வேற ஊரு பஸ்ஸுல ஏத்தி விட்டுருவா"ன்னு சிரிக்காளுவ. கல்யாணப் பத்திரிகை குடுக்க வந்தவகூட, "தேதி பதினொண்ணுக்கா"ன்னு வாயாலயே சொல்லிட்டுப் போறா. என் தேர்க்கடைக் கண்ணாடியை வடிவு எடுத்து மாட்டிக்கிட்டா. வெளிய போகணும்னா அது இல்லாமப் போகமாட்டா, சொன்ன பொய்யைக் காப்பாத்தணும்லா. வீட்டுக்குள்ள வந்தாக் கழத்திருவா. கதவைச் சாத்திட்டு, உளுந்து கட்டி வந்த பேப்பரை நீவி விட்டுப் படிக்கா. சின்ன எழுத்து, விளம்பரம், ஒண்ணு விடாம. வெளிய யாரு நடந்தாலும் மடிச்சு ஒளிச்சிருதா. நான் கேட்டேன், "ஏட்டி, நான் சொல்லிரட்டுமா?" "சொன்னா வேலை போகும், பேரும் போகும். நாப்பது வருசமா ஊரை ஏமாத்துனான்னு உங்க மேல கல்லு விழும். என் மேல மண்ணுதானே விழுந்துச்சு, உதறிக்கிடலாம்"னா. நல்லவேளை அப்படிச் சொன்னா. இல்லேன்னா நான் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கேன்.

அப்புறம் இந்தக் கண் முகாம். அறிவிச்சதே நான்தான், கதவைச் சாத்திட்டு வடிவு படிச்சுக் குடுத்து. "இலவசக் கண் பரிசோதனை முகாம், ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட வளாகம்." தெருப் பொம்பளைய விடுவாளுவளா? "வாக்கா, ஒன் கண்ணைக் காட்டு"ன்னு இழுத்துக்கிட்டுப் போயிட்டாளுவ. தங்கபுஷ்பமும் கட்டைக் கம்பை ஊணிக்கிட்டு வந்து உக்காந்திருந்தா. ஆபீசர் என்னையும் விடல. "ஊருக்குப் படிச்சுச் சொல்லுத ஆளு, உங்க கண்ணுதான் மொதல்ல பாக்கணும் அண்ணாச்சி." வடிவுக்கு அடுத்தாப்புல நான்.

வரிசையில நிக்கறப்ப ஒரு முடிவுக்கு வந்துட்டேன் தம்பி. இதுதான் எடம். நாக்காலியில உக்காருவேன், நர்சம்மா படிக்கச் சொல்லுவா, எனக்குத் தெரியாது தாயின்னு சொல்லிருவேன். தெருவே நிக்கி. தங்கபுஷ்பம் இருக்கா. ஒரு வார்த்தைதானே. எல்லாம் தீந்துரும். சாமி சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்.

வடிவு உக்காந்தா. நர்சம்மா அவ கண்ணாடியை வாங்கிப் பாத்துட்டு, "என்ன பாட்டி, இதுல பவரே இல்லியே?"ன்னு கேட்டுச்சு. வடிவு உடனே சொல்லுதா, "அப்படியா தாயி? அதான் போட்டும் தெரிய மாட்டேங்குது!" சுத்தி நின்னவளுவ எல்லாம் சிரிச்சிட்டாளுவ.

மொதல்ல இடது கண்ணைப் பொத்தி, வலது கண்ணால படிக்கச் சொன்னாவ. செவத்துல அட்டை. வடிவு படிக்கா. "ட." நிறுத்துதா. மறுபடியும், "ட." அடுத்த வரி. "ப, ம." நிறுத்துதா. "ப, ம." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது எங்க அடுப்படிச் சத்தம் தம்பி. நான் கூழு குடிக்கறப்ப எதுத்தாப்புல உக்காந்து படிக்கிற சத்தம். "க, ர, ய. க, ர, ய." நர்சம்மா, "ஒரு தரம் சொன்னாப் போதும் பாட்டி"ங்குது. இவ கேக்கல. கடைசி வரி, "வ, ல, த, ந. வ, ல, த, ந." அப்புறம் வலது கண்ணைப் பொத்துனாவ. "ஐயோ, இதுல ஒண்ணுமே தெரியலியே தாயி, வெறும் வெள்ளையா இருக்கு"ன்னுட்டா. ஒரு கண்ணை எனக்குக் குடுத்துட்டு, ஒரு கண்ணை ஊருக்குக் குடுத்துட்டா. புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதுனாவ. அந்தச் சீட்டுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கோம், தெருக்காரிய கேப்பாளுவன்னு.

நான் உக்காந்தேன்.

"தாத்தா, எழுத்துத் தெரியுமா? இல்ல படம் போட்ட அட்டை மாட்டவா?"

தெரியாதுன்னு சொல்லணும். வாயி தெறந்தாச்சு. ஆனா உள்ள இருந்து வந்தது அதில்ல. எனக்கு உள்ள போனது அப்படியே வெளிய வரும், நான் என்ன பண்ண? "தெரியும்மா"ன்னேன். ட. ப, ம. க, ர, ய. மைக்குல சொல்லுத மாதிரி கணீர்னு வருது. தெருவே பாக்குது. தங்கபுஷ்பம் மாமியாக்காரி, "பாரு, அண்ணாச்சி கண்ணு கழுகு கண்ணு"ங்கா. வ, ல, த. கழுகு கண்ணுங்கிற வார்த்தை காதுல விழவும் நாக்கு நின்னு போச்சு. அடுத்தது என்னன்னு வர மாட்டேங்குது. நாப்பது வருசத்துல ஒரு சொல்லு சிந்தாத காது, அங்க வந்து சிந்திருச்சு. நர்சம்மா குச்சியை வச்சுக்கிட்டு நிக்கி. ஆபீசர் பாக்காரு. சொல்லு ஆவுடையப்பா, இப்பவாச்சும் சொல்லுன்னு மனசு அடிக்கி.

ஓரமா உக்காந்து கண்ணாடியை முந்தானையில தொடைச்சுக்கிட்டு இருந்த வடிவு, தலையைத் தூக்காமயே நர்சம்மாகிட்டக் கேட்டா:

"ஏந்தாயி, அந்தக் கடேசி எழுத்து எனக்கு நல்ல கண்ணுலயே கலங்கலாத்தான் தெரிஞ்சது. 'ந'ன்னு குத்துமதிப்பாச் சொன்னேன். சரிதானா?"